கண்ணீரும் கட்சிச்சீட்டும்

"ஜெர்மானிய இயந்திரத்தை வாங்கி நெய்வேலியிலே நிறுத்தினோமே, அதைச் செய்தவன் எந்தக் கட்சிக்காரன் என்று கேட்டோமா? மண்ணை வெட்டுகிறதா என்று மட்டுந்தானே பார்த்தோம்! படத்தை மட்டும் ஏன் அப்படிப் பார்க்கக் கூடாது? எடுத்தவன் எவனாயிருந்தால் என்ன? தீண்டாமையைச் சாடுகிறதா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்!"

நெய்வேலி நகரியத்து நண்பர் ஒருவர் நம்மை மடக்கிய கேள்வி இது. மடக்கியபோது நாம் நின்றிருந்த இடமும் அவருக்குத் துணை நின்றது. கீழே, கண்ணுக்கெட்டிய தொலைவுவரை வாய் பிளந்து கிடக்கும் சுரங்கம். அதன் விளிம்பிலே, 'பக்கெட் வீல்' என்று தொழிலாளத் தோழர்கள் பெயரிட்டழைக்கும் இரும்புப் பூதம், சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி, வாளி வாளியாக மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. 1957இல் நேரு பண்டிதர் தொடங்கிவைத்த சுரங்கம். 1961இல் பழுப்பு நிலக்கரி முகங்காட்டிய சுரங்கம். மண் வெட்டும் பொறி ஜெர்மனி தந்தது. மின்சாரம் ஆக்கும் நிலையம் சோவியத்து நாடு தந்தது. ஒன்றையொன்று உறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த இரு உலகங்களும் நெய்வேலியிலே ஒரே மின்விளக்கை ஏற்றின. ஆம், கட்சி கேட்கவில்லைதான்! கேட்டிருக்கவும் வேண்டியதில்லை.

ஆனால் நண்பர் எண்ணத்தில் இருந்தது இயந்திரமன்று. ஒரு படம், அதை எடுத்த ஒரு மனிதர். படம், 1936இல் பம்பாய் டாக்கீஸ் வெளியிட்ட 'அச்சுத் கன்யா' — தீண்டப்படாத கன்னி. எடுத்தவர், ஃபிரான்ஸ் ஓஸ்டன் என்னும் ஜெர்மானியர். 'இந்தியப் பேசும்படத்தின் தொடக்க நாளிலேயே தீண்டாமையின் தலையிலே குட்டிய படம்' என்று ஏடுகள் இதைப் புகழ்ந்தபடி இருக்கின்றன. எடுத்தவர் இட்லரின் நாஜிக் கட்சியிலே உறுப்பினர் என்ற செய்தியையும் அவ்வேடுகள் சொல்லாமலில்லை. எப்படிச் சொல்கின்றன? விருந்திலே வெற்றிலை மடிப்பது போல, இறுதியிலே, ஒரு வரியில், சுண்ணாம்பு தடவி!

அந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம் என்கிறோம் நாம்.

யார் இந்த ஓஸ்டன்? 1876 திசம்பர் 23இல் மூனிக் நகரில் பிறந்தவர். இயற்பெயர் ஃபிரான்ஸ் ஓஸ்டர்மாயர். தந்தையார் நிழற்படக்காரர், மகனும் அத்தொழில் பயின்றார், நடிப்பிலும் முயன்று பார்த்தார். 1907இல் தம்பி பீட்டரோடு சேர்ந்து ஊரூராகச் சென்று படங்காட்டும் தொழிலில் இறங்கினார். 1911இல் முதற்படம் எடுத்தார். முதல் உலகப் போர் குறுக்கிட்டது; முடிந்ததும் மூனிக்கின் எமெல்கா படநிறுவனத்தில் இயக்குநராக அமர்ந்தார். அங்கேயே ஆயிரத்தோடு ஆயிரத்தொன்றாய் மறைந்திருப்பார். 1920களின் நடுவில் வங்கத்து வழக்கறிஞர் இமான்சு ராய், படமெடுக்கும் கனவோடு மூனிக்குக்கு வந்து சேர்ந்தார். கனவு இவருடையது, கருவி அவர்களுடையது. 1925இல் ஓஸ்டன் படப்பெட்டியோடு இந்தியா வந்தார். புத்தரின் வாழ்வை 'ஆசிய சோதி' என்று படமாக்கினார். ஐரோப்பா வியந்தது. 1928இல் 'ஷிராஸ்', 1929இல் 'பகடை வீச்சு'. மூன்றும் ஊமைப் படங்கள். யானையும் அரண்மனையும் பாலையும் பகட்டுமாக, மேனாட்டான் எந்த இந்தியாவைக் காண விரும்பினானோ அந்த இந்தியா!

1934இல் ராய் பம்பாயை அடுத்த மலாடில் பம்பாய் டாக்கீசை நிறுவியபோது ஓஸ்டனை மீண்டும் அழைத்தார். ஒளிப்பதிவுக்கு யோசப் விர்ஷிங்கும் வந்தார். அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் ஓஸ்டன் அங்கு எடுத்த படங்கள் பத்துக்கும் மேல். இத்தனைக்கும் இந்தி மொழி அவருக்குத் தெரியாது. அதை நாம் குறையாகச் சொல்லவில்லை. தமிழறியாத எல்லிஸ் டங்கன் எடுத்த தமிழ்ப் படங்களைக் கண்டு களித்தவர்கள்தாம் நாம். குறை வேறிடத்தில் இருக்கிறது.

படத்தின் கதையைப் பார்ப்போம். நிரஞ்சன் பால் எழுதியது. ரயில்வே கேட் காப்பவனின் மகள் கஸ்தூரி, தீண்டப்படாதவள். பார்ப்பன வணிகன் மோகனின் மகன் பிரதாப். பாம்பு கடித்த மோகனின் உடலிலிருந்து வாய்வைத்து நஞ்சை உறிஞ்சி உயிர் காத்தவன் கஸ்தூரியின் தந்தை. அந்நன்றியால் இரு குடும்பமும் நட்பாகின்றன. பிள்ளைகள் ஒன்றாக வளர்கின்றனர், காதல் கொள்கின்றனர். நஞ்சை உறிஞ்சலாம், தீட்டில்லை, மகளைக் கொடுக்கலாமா? கூடாது! பிரதாப்புக்குத் தன் குலத்தில் ஒருத்தி, கஸ்தூரிக்குத் தன் குலத்தில் ஒருவன். பிறகு பொய், பொறாமை, ஐயம். கஸ்தூரியின் கணவன் பிரதாப்பின்மேல் பாய்கிறான், தண்டவாளத்தின்மீதே சண்டை. ரயில் வருகிறது. ஆண்கள் இருவரையும் காக்க, வண்டியை நிறுத்தக் கையை விரித்து ஓடுகிறாள் கஸ்தூரி. அவள் மீது ஏறி நிற்கிறது ரயில். இறந்தவளுக்கு அங்கே ஒரு நினைவிடம். அந்நினைவிடத்தில் தொடங்கித்தான் படமே கதையைப் பின்னோக்கிச் சொல்கிறது.

கஸ்தூரியாக நடித்தவர் தேவிகா ராணி — தாகூர் பெருங்குடியின் உறவு, இலண்டனிலே கற்றவர், இமான்சு ராயின் மனைவி. சேரிப் பெண்ணின் புருவம் திருத்தப்பட்டிருக்கிறது, சேலை கசங்கவில்லை. போகட்டும். பிரதாப்பாக வந்த அசோக்குமார், அவரை மணக்க முடியாத ஏக்கத்தோடு பாடுகிறார். கொட்டகையிலே கண்ணீர்! பிறப்பு என்னும் ஒன்று இரு உள்ளங்களுக்கிடையே சுவராய் நிற்பதைக் கண்டு நகரத்து நாகரிகர்கள் கைக்குட்டையைத் தேடினர்.

இனி அந்த ஒரு வரி. அந்த 1936ஆம் ஆண்டிலேதான் ஓஸ்டன் நாஜிக் கட்சியில் சேர்ந்தார்.

எந்தக் கட்சி அது? முந்திய ஆண்டு, 1935 செப்டம்பரில், நியூரம்பர்க் நகரிலே சட்டமியற்றிய கட்சி. என்ன சட்டம்? யூதர்க்கும் 'ஜெர்மானியக் குருதி' உடையோர்க்கும் திருமணம் கூடாது, மீறினால் சிறை! பாட்டன் பாட்டி யார், அவர்கள் எம்மதம் என்று கணக்கெடுத்து, இவன் குடிமகன், இவன் அல்லன் என்று பிரித்த கட்சி. மனு எழுதிவைத்ததை மைபோட்டு, முத்திரையிட்டு, அரசிதழிலே அச்சடித்த கட்சி!

எண்ணிப் பாருங்கள். பம்பாயிலே பகலெல்லாம் படப்பிடிப்பு: பிறப்பின் பேரால் மணம் மறுக்கப்பட்ட பெண்ணுக்காக, 'விளக்கைச் சற்றே தாழ்த்து, கண்ணீர் நன்றாகத் தெரியட்டும்' என்னும் கலைப்பணி. சட்டைப் பையிலே, பிறப்பின் பேரால் மணத்தை மறுக்கும் கட்சியின் சீட்டு. கை நடுங்கவில்லை! நெஞ்சு உறுத்தியதாகவும் செய்தி இல்லை!

'பாவம், ஊரிலே உறவுகள் இருந்தார்கள், தொழில் இருந்தது, அச்சத்தால் சேர்ந்திருப்பார்' என்பர் சிலர். இருக்கலாம். மாந்தர் உள்ளத்தைத் திறந்து பார்க்கும் திறவுகோல் நம்மிடம் இல்லை. ஆனால் அன்றைய பம்பாய் பெர்லின் அன்று. அங்கே கதவைத் தட்ட இட்லரின் இரகசியப் போலீசு இல்லை. அதே பம்பாய்க்கு 1934இல் இன்னொருவர் வந்து சேர்ந்திருந்தார்: வால்டர் காஃப்மன் என்னும் இசைவாணர், யூதர். தம் பேராசிரியர் நாஜி இளைஞர் அமைப்பின் தலைவர் என்று அறிந்ததும், எழுதி முடித்த ஆய்வுக்குரிய முனைவர் பட்டத்தையே வேண்டாமென்று தள்ளியவர். பம்பாய் வானொலியிலே பணியாற்றினார். அனைத்திந்திய வானொலியின் விடியற்கால இசை இருக்கிறதே, திருச்சி நிலையத்தைத் திருப்பியதும் நம் வீடுகளில் தவழ்ந்து வந்த அந்தத் தம்பூராவும் வயலினும், அது அவர் ஆக்கம் என்றே வரலாறு சொல்கிறது. ஆசிரியரின் கட்சிக்காகப் பட்டத்தைத் துறந்தவரும், கட்சியைத் தேடிச் சேர்ந்தவரும் ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில், ஒரே கடற்காற்றை உண்டனர். 'காலம் அப்படி' என்று காலத்தின்மேல் பழிபோட இடமேது?

ஆயினும், ஓஸ்டனைக் கூண்டிலேற்றிவிட்டு வீடு திரும்புவதல்ல நம் நோக்கம். இறந்தவரைத் தண்டிக்க நாம் சித்ரகுப்தனும் அல்லோம். நம்மை உறுத்தும் கேள்வி வேறு: இரண்டும் எப்படி ஒரே சட்டைப் பையில் அடங்கின? முரண்பாடு என்கிறார்கள். முரண்பாடே இல்லை என்கிறோம் நாம்!

அந்தப் படம் சாதியைக் கேட்டதா, 'நீ ஏன் இருக்கிறாய்?' என்று? கேட்கவில்லை. கலியாணம் நடந்ததா? இல்லை. கஸ்தூரி வாதாடினாளா, ஓடினாளா, ஒரு வசவேனும் வைதாளா? இல்லை. அவள் நல்லவள்; ஆகையால் அடங்கினாள். அடங்கினாள், ஆகையால் செத்தாள். செத்தாள், ஆகையால் தெய்வமானாள். உயிரோடு இருந்தபோது வீட்டு வாசற்படி ஏறக்கூடாதவளுக்குச் செத்தபின் நினைவிடம்! இப்படி ஒரு கதையை எடுப்பதற்குப் பிறப்பு வேற்றுமையை வெறுக்க வேண்டியதில்லை. இரங்கத் தெரிந்தால் போதும். இரக்கம் மேலிருந்து கீழே சொட்டுவது. மேல் மேலாகவும் கீழ் கீழாகவும் இருந்தால்தான் அது சொட்ட முடியும். நாஜிக் கட்சிக்காரருக்கு இதிலே என்ன இடைஞ்சல்?

வெளிநாட்டார் செய்த குற்றம் இது என்று எண்ணி நாம் மார்தட்டிக்கொள்வதற்கும் வழியில்லை. நெய்வேலியிலிருந்து வண்டியேறினால் சிதம்பரம் எவ்வளவு தொலைவு? பேருந்திலே ஒரு தூக்கம்! ஆதனூர் நந்தனை அழைத்துவந்த சிதம்பரம். தில்லையைக் காண வந்த புலையனை வாவென்றா அழைத்தார்கள்? தீ மூட்டினார்கள், மூழ்கி எழு என்றார்கள், எழுந்தான் முப்புரிநூலோடு என்று புராணம் முடித்தார்கள். புலையன் புலையனாக உள்ளே போனதாகக் கதையில்லை. பார்ப்பனனாக மாறிய பிறகே போனான், போனவன் திரும்பவுமில்லை. இதையும் நம்மவர் படமாக்கினர். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஆண்வேடமேற்று நந்தனானார். 1 இலட்சம் ரூபாய் ஊதியமென்று நாடே வாய்பிளந்தது. 1942இல் ஜெமினி எடுத்தபோது தண்டபாணி தேசிகர். கொட்டகையிலே கண்ணீர்தான், அங்கும்! தெற்கே தீ, வடக்கே தண்டவாளம். கருவி மாறியது, கதை மாறவில்லை. தாழ்த்தப்பட்டவர் செத்தால்தான் உயர்ந்தவர் உருகுவார் என்பது படமுதலாளிகள் கண்ட கணக்கு.

நெய்வேலிக்கு இன்னும் பக்கத்திலே, வடலூரிலே, வேறொரு தீ இருக்கிறது. 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு. வந்தவனை, 'நீ என்ன குலம்?' என்று கேளாமல் சோறு போட்டுக்கொண்டே வருகிறது. அத்தீயை வைத்துக் கதை பண்ணக் கண்ணீர் போதாது; அரிசி வேண்டும்!

1936 என்று சொன்னோம். அதே ஆண்டிலே மூன்றாவது ஒரு தாளும் அச்சேறியது. லாகூரிலே சாதி ஒழிப்பு மன்றத்தார் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தார்கள். உரையை முன்கூட்டிப் படித்தார்கள். சாத்திரங்களின்மேல் உள்ள நம்பிக்கையைத் தகர்க்காமல் சாதி போகாது என்று எழுதியிருந்ததைக் கண்டார்கள், மாற்றச் சொன்னார்கள். காற்புள்ளியையும் மாற்றேன் என்றார் அவர். மாநாடே நின்றது. தம் சொந்தச் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். தமிழிலே தந்தது பெரியாரின் 'குடி அரசு'. பம்பாயிலே அதே நாளில் தீண்டாமைக்காக உருகிக்கொண்டிருந்த கொட்டகைகள் நிரம்பி வழிந்தன. தீண்டாமையின் வேரைக் காட்டியவருக்கோ மேடையே மறுக்கப்பட்டது. எது சாதிக்கு அடி, எது வருடல் என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு சான்று வேண்டுமா?

ஓஸ்டனின் எஞ்சிய கதை சிறிது. 1939இல் 'கங்கண்' படம் நடந்துகொண்டிருக்கையில் போர் மூண்டது. பகைநாட்டார் என்று ஆங்கில அரசு அவரையும் பிற ஜெர்மானியரையும் காவலில் வைத்தது. 1940இல் விடுவிக்கப்பட்டுத் தாயகம் போனார். போர் முடியும்வரை பவேரியா படநிறுவனத்திலே வேலை. பின்னர் பாட் ஐப்ளிங் என்னும் சிற்றூரில் உடல்நல நீராட்டு நிலையத்தின் மேலாளர். அவருடன் வந்த விர்ஷிங், காவலிலிருந்து மீண்டபின் இந்நாட்டிலேயே தங்கி, 'மகால்', 'பாகீஸா' படங்களுக்கு ஒளி தந்து, 1967இல் இம்மண்ணிலேயே மறைந்தார். ஓஸ்டன் மறைந்தது 1956 திசம்பர் 2. நெய்வேலி நிலக்கரிக் கழகம் பதிவானதற்குப் பதினெட்டாம் நாள். அம்பேத்கர் மறைவதற்கு நான்கு நாள் முன்பு. புத்தரைத் திரையிலே காட்டியவர் ஓஸ்டன். புத்தரிடம் இலட்சக்கணக்கான மக்களை அழைத்துச் சென்றவர் அம்பேத்கர், அதே ஆண்டு அக்டோபரில். நாட்காட்டி சிலபோது நம்மைவிட நன்றாக வாதாடுகிறது.

நெய்வேலி நண்பருக்கு மறுமொழி சொல்லாமல் விடக்கூடாது. இயந்திரம் மண்ணை வெட்டும்போது, இது எவன் மண், எவன் தலையில் விழட்டும் என்று தேர்வதில்லை. தேர்பவன் அதை ஓட்டச் சொல்பவன். படம் அப்படியன்று, நண்பரே! படம் என்பதே தேர்வு. யார் பேசுவது, யார் அழுவது, யார் பிழைப்பது, யார்மேல் ரயில் ஏறுவது என்று தேர்ந்து தேர்ந்து கோத்த சரம் அது. அதைக் கோத்தவர்கள் எந்த உலகத்தைச் சரியென்று எண்ணினார்கள் என்று கேட்காமல் எதைக் கேட்பது? கதை நிரஞ்சன் பாலுடையது, காசு ராயுடையது, ஓஸ்டன் படப்பெட்டிக்குப் பின்னே நின்றவர் மட்டுமே என்று பிரித்துக் காட்டினாலும் நமக்குத் தடையில்லை. அப்படியானால் இரக்கத்தின் பங்குதாரர் மூவர் என்று எழுதிக்கொள்வோம்! அயலான் கையில் பெட்டி இருப்பதால் கதை கெடும் என்பதுமில்லை. 1950இல் 'மந்திரி குமாரி'யிலும் டங்கன் என்னும் அயலானின் கைதான்; வசனம் கலைஞருடையது. மலையுச்சியிலிருந்து தன்னைத் தள்ளவந்த கணவனை மும்முறை சுற்றிவந்து அவள் தள்ளிவிடுகிறாள்! பெண் சாவதற்கென்றே பிறந்தவள் என்று எழுதுகோல் நம்பவில்லை, படப்பெட்டியும் நம்பவில்லை.

நெய்வேலி நகரியம் படிப்பாளிகளின் ஊர். வட்டம் வட்டமாக வகுத்த தெருக்கள், மரநிழல், பள்ளிகள், ஆண்டுதோறும் கூடிய புத்தகக் கண்காட்சி, அதிலே இளைஞர்க்குக் குறும்படப் போட்டிகூட நடந்ததுண்டு. அந்நகரியத்தார்க்கு, தீண்டப்படாதவரின் துயரத்தை வடக்கே போய்ப் படத்திலே தேடவேண்டிய தேவையில்லை. அருகிருக்கும் முதனைச் சிற்றூரில், 1993இல், குறவர் குடியைச் சேர்ந்த உழைப்பாளி ஒருவரைத் திருட்டுக் குற்றஞ்சாட்டிப் போலீசார் பிடித்துப் போயினர். கம்மாபுரம் காவல்நிலையத்திலே அடித்துக் கொன்றனர், தப்பியோடினான் என்றனர். அவர் மனைவி அழுதுவிட்டு அடங்கவில்லை. பொதுவுடைமைத் தோழர்கள் துணைவர, வழக்கறிஞர் சந்துரு வழக்கேற்க, நீதிமன்றப் படி ஏறினார். 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் காவலர்களைத் தண்டித்தது. எந்த மின்நிலையத்தின் புகைபோக்கி அவ்வூரிலிருந்து தெரிகிறதோ, அதன் வெளிச்சத்திலே நாம் இத்தனை நாளும் படித்தோம், எழுதினோம்!

அதை வைத்து 2021இல் 'ஜெய் பீம்' வந்தது, இயக்கியவர் த.செ. ஞானவேல். குற்றங்கூற நமக்கு அதிலும் இடமுண்டு. குறவர் குடியினரை இருளர் குடியினராக மாற்றினார்கள். வென்றவர் வழக்கறிஞர் என்பது போலச் சிலவிடங்களில் வெளிச்சம் நாயகர்மேலேயே விழுகிறது. அடிவாங்குவோரின் உடலைப் படப்பெட்டி வேண்டிய அளவுக்குமேல் உற்றுப் பார்க்கிறது. இருந்தும், அதிலே ஒரு காட்சி. செங்கேணி நிறைசூலி. விசாரணைக்கென்று காவல்நிலையம் கொண்டுபோகிறார்கள். மேலிடத்திலிருந்து தொலைபேசி வருகிறது. உடனே, வண்டியில் ஏறம்மா, வீட்டிலே விடுகிறோம் என்று குழைகிறார்கள். ஏறவில்லை அவள். பிள்ளையைக் கையிலே பிடித்துக்கொண்டு நடக்கிறாள், சாலையின் நடுவே. முந்தவும் முடியாமல், திரும்பவும் முடியாமல், பின்னாலேயே ஊர்ந்து வருகிறது போலீசு வண்டி.